மாமா நடத்திய நேர்முகத் தேர்வு

அன்புள்ள மூத்தவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் சுகம் என்று போனில் ஒவ்வொரு முறையும் ஒரே குரலில் சொல்கிறாய், அதை நம்பித்தான் தொடங்குகிறேன். போனில் பேசினால் நடுவிலேயே "சரிம்மா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுவாய், அதனால் கடிதம்.

சின்னவள் ராணுவ அகாடமிக்கு விண்ணப்பம் போடுகிறாள். படிப்பது உன் பழைய புத்தகங்களில்தான், படங்களுக்கெல்லாம் நீ வரைந்த மீசைகள் அப்படியே இருக்கின்றன. விடியலில் அவள் ஓடப் போகும்போது கதவுச் சத்தம் கேட்டால் நீதான் போகிறாய் என்று அரைத்தூக்கத்தில் நினைத்துக்கொள்கிறேன். நீ அதே அகாடமிக்கு விண்ணப்பம் போட்ட அந்த வருஷம் நம் வீடு வீடாகவா இருந்தது? உடற்பயிற்சி என்று நீ தொங்கித் தொங்கி வாசல் நிலையே ஆடிப்போனது. "சிப்பாயா சேரலாமே, அதிகாரிதான் ஆகணுமா" என்று உன் தலைமை ஆசிரியர் கேட்டதை நீ அழாமல் வந்து சொன்னாய், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை முடிந்து அப்போதுதான் வந்த நான் அழுதேன். நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் சாகப் போகலாம், கட்டளையிடப் போகக் கூடாது என்பதைத்தான் அந்த மனுஷன் மரியாதையாகச் சொன்னார். பயிற்சி வகுப்புக்கு அனுப்ப வழியில்லை. என் தம்பி, உன் மாமா, "நான் எதுக்கு இருக்கேன்" என்று வந்து உட்கார்ந்தார். பெரிய ஆபீசில் நேர்முகத் தேர்வு நடக்கிற அறைகளுக்கு டீ கொண்டுபோய்க் கொண்டுபோய், பெரிய மனிதர்கள் எப்படித் தொண்டையைச் செருமுவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அப்பாவின் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கேள்வி கேட்பார், நீ பதில் சொல்லும்போது கொட்டாவி விடுவார், "அவங்க அப்படித்தான் செய்வாங்க, நீ அசரக்கூடாது" என்பார். உள்ளே யார் வந்தாலும் எழுந்து நிற்க வேண்டும் என்பது அவர் சட்டம். சின்னவள் வேண்டுமென்றே சும்மாச் சும்மா உள்ளே வந்து உன் உயிரை எடுப்பாள்.

அந்தப் பழக்கத்தில், நிஜமான தேர்வில் டீ கொண்டுவந்தவருக்கு நீ விறைப்பாக எழுந்து நிற்க, எதிரில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்களாம். ஏன் எழுந்தாய் என்றதற்கு, "எங்க மாமாவும் டீதான் சார் கொண்டுபோறாரு" என்றாயாம். நீ வந்து சொன்னதும் மாமா குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் வெளியே வரவில்லை. காரியம் கெட்டது என்றுதான் நினைத்தோம். இடம் கிடைத்தது. தெருவே அவரை ஜெனரல் என்று கூப்பிட ஆரம்பித்தது.

போன விடுமுறைக்கு உன் கூட்டாளிகளோடு வந்தாயே. மாமா வேலை முடிந்து, டீக்கறைச் சட்டையோடு உள்ளே வந்தார். நீ நாற்காலியை விட்டு அசையவில்லை. யார் என்று அவர்கள் பார்த்ததற்கு "இவர் இங்கதான் இருக்கார்" என்றாய். மாமா என்று உன் வாயில் வரவில்லை. அவரே சமையலறைக்குப் போய் எல்லோருக்கும் டீ போட்டுத் தட்டில் கொண்டுவந்தார், நீ முகம் பார்க்காமல் எடுத்துக்கொண்டாய். "பிள்ளைக்குக் களைப்பு, விடுக்கா" என்று என் வாயை அடைத்துவிட்டார். ஆனால் சின்னவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது விண்ணப்பத்தை முழுக்க நிரப்பி, அனுப்பாமல் வைத்திருக்கிறாள். மாமா கோட்டைத் தட்டி எடுத்து வந்தால் "அப்புறம் மாமா" என்கிறாள். துருவிக் கேட்டேன். "அங்க போனா நானும் அக்கா மாதிரி ஆயிடுவேனாம்மா?" என்கிறாள். மாதக் கடைசிதான் கெடு. அவள் போகவேண்டும் என்பதுதான் என் ஆசை. சலவைக்கூடத்து நீராவிக்குள் என் பிள்ளை வந்து நிற்க நான் விடமாட்டேன், அந்த அதிகாரி நாற்காலிகளைப் பெரிய மனிதர்களின் பிள்ளைகளுக்கே விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். ஆனால் அவள் கேட்டதற்கு நான் என்னடி பதில் சொல்வது?

என்னிடம் மன்னிப்புக் கேட்காதே, எனக்கு வேண்டாம். மாமாவைக் கூப்பிட்டுப் பேசு, சின்னவள் பக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் பேசு. என்ன பேசுவது என்று நான் சொல்லித்தர மாட்டேன். நான் எழுதியது அவருக்குத் தெரியாது, தெரிந்தால் என்னோடுதான் சண்டைக்கு வருவார்.

குளிரில் காதை மூடிக்கொள், இருமலை வளர்க்காதே. எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். நீ பேசினாலும் பேசாவிட்டாலும் எனக்கு மகள்தான். ஆனால் சின்னவள் மறுபடி கேட்டால், உனக்காக அவளிடம் பொய் சொல்ல மாட்டேன்.

உன்
அம்மா