ஆள் கிடைக்கும் வரைக்கும்

இன்று காலை முழங்கால் மாற்று அறுவையில் எலும்புச் சிமெண்ட்டைக் குழைத்தபோது அந்தக் காரமான நெடி முகத்தில் அடித்தது. உடனே உன் ஞாபகம். நீ கர்ப்பமாக இருந்தபோது இந்த நெடி ஆகாதென்று தியேட்டருக்கு வெளியே நிறுத்தினார்கள். பிள்ளை பெற்றுத் திரும்பிய பிறகும் வெகுநாள் மாவுக்கட்டு அறையிலேயே வைத்திருந்தார்கள். "நெடி எனக்கு ஆகலையா, நான் அவங்களுக்கு ஆகலையாடீ?" என்று கேட்டாய்.

நீ இந்த மராத்தி ஊரிலேயே, போபோடியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். கோயம்புத்தூரிலிருந்து வந்த எனக்கு உன் தமிழே முதலில் பாதி புரியாது. எலும்பு சிகிச்சைத் துறையில் பெண் டாக்டர்கள் நாம் இருவர்தான். பழைய தலைவர் ஓய்வு பெற்றதும் உன்னைப் 'பொறுப்புத் தலைவர்' ஆக்கினார்கள். நான் வாழ்த்தியபோது, "அரே, நான் காம்சலாவ் ஹெட்டுடீ, சும்மா தற்காலிகம். ஆள் கெடைக்கிற வரைக்கும் வண்டி ஓடணுமில்ல?" என்றாய். ஒப்புக்குச் சப்பாணி என்றும் சொல்ல முடியாது. வேலை முழுக்க உன் தலையில்தான்.

வண்டியை ஆண்டுக்கணக்கில் ஓட்டினாய். நிரந்தரமாகத் தலைவரைப் போடும் நேரம் வந்தபோது, உன்னிடம் தொழில் படித்தவருக்கே அதைக் கொடுத்தார்கள். வார்டுகளை நீயே அவருக்குச் சுற்றிக் காட்டினாய். பிறகு எதிர் டீக்கடையில், "விடுடீ, அவனுக்கு நாந்தானே சொல்லிக் குடுத்தேன், டீக்கா, நல்லாவே பார்த்துக்குவான்" என்று சிரித்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டாய். இரங்கல் கூட்டத்திலும் 'முன்னாள் பொறுப்புத் தலைவர்' என்றுதான் சொன்னார்கள். செத்த பிறகுமா அந்த ஒட்டுச் சொல்?

இப்போது அந்தத் தலைவர் வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டார். இன்று மதியம் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "இப்போதைக்கு நீங்க பார்த்துக்கோங்க மேடம், ஆள் கிடைக்கும் வரைக்கும்" என்றார் இந்தியில். எனக்கோ ஒரே களைப்பு. சரியென்று தலையாட்டிவிட்டு பாணேரில் இருக்கும் என் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் போலிருந்தது.

"ஆள் உங்க எதிரேதான் நிக்கறேன் சார். கொடுத்தா பதவியா கொடுங்க, பொறுப்பு வேண்டாம்" என்றேன்.

அவர் செல்போனைப் பார்த்தபடி, "யோசிக்கலாம்" என்றார். வெளியே வந்துவிட்டேன். துணிச்சல் ஒன்றுமில்லை, அலுப்புதான் பேசியது. கிடைக்குமா, தெரியாது.

அன்று நீ பட்டிருக்க வேண்டிய கோபத்தையும் சேர்த்து நான்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். கனக்கிறதடீ. ஆனாலும் இறக்கிவைக்க மனமில்லை.