கடல் பார்த்த கதிரை

என் டிரைவர் ஐயா,

இன்னைக்குக் காலையில வேனைக் கழுவினேன். அலவத்துகொடயிலிருந்து வந்து வாங்கினவர் நாளைக்கு எடுத்துட்டுப் போறார். உங்க சீட்டுக்குக் கீழே கிடந்த கால்மிதியைத் தூக்கி உதறினா, கடல் மணல் கொட்டுது. கடுகண்ணாவையில, நம்ம வாசல் ஈரத்துல, கடல் மணல். அப்படியே படியில உக்காந்துட்டேன். வேன் பாதி கழுவினபடி நிக்குது.

பேர் சொல்லிக் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கிட்டு, கோபம் வந்தாலும் ஆசை வந்தாலும் "டிரைவர் ஐயா"ன்னே கூப்பிட்டுப் பழகினவ நான். இப்பவும் வேற பேர் வாயில வரல.

நம்ம கல்யாணம் ஆன நாள்ல இருந்து வெள்ளக்காரங்களை ஏத்திக்கிட்டுப் போறதும் வர்றதுமாத்தான் இருந்தீங்க. நான் இங்க மழையில துணி காயப்போட இடம் தேடிக்கிட்டு இருப்பேன். "உங்களுக்கென்ன, கடல் காத்து, ஹோட்டல் சாப்பாடு"ன்னு குத்திக்காட்டுவேன். நீங்க சிரிச்சுட்டு, "ஆமா, கடல் சத்தம் நல்லாக் கேக்கும்"னு சொல்லிட்டு டயருக்குக் காத்து பார்க்கப் போயிடுவீங்க.

உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சதும், தூர ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி பேராதனை டாக்டர் சொன்னார். "நிறுத்துறேன். ஒரே ஒரு ட்ரிப் பாக்கி இருக்கு"ன்னீங்க. யாரை ஏத்தப் போறீங்கன்னு கேட்டேன். "உன்னைத்தான்."

திருகோணமலைப் பக்கம் கடலோரத்துல ஒரு அம்மா நடத்துற சின்ன ஹோட்டல். நீங்க அடிக்கடி ஆளுங்களைக் கொண்டுபோய் விடுற இடம். ஒருக்கா வீட்டுக்காரியோட விருந்தாளியா வாங்கோன்னு அவங்க பல தரம் கூப்பிட்டாங்களாம். வழி முழுக்க வெள்ளக்காரங்களுக்குச் சொல்ற மாதிரியே எனக்கும் மலையையும் குளத்தையும் காட்டிக்கிட்டு வந்தீங்க. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. ஆனா உள்ளுக்குள்ள ஒரே ஒரு ஆசை. ரெண்டு நாளைக்கு நீங்க யாருக்கும் ஓடாம, என் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கணும். மூச்சு வாங்குறதைப் பார்த்தப்பவே தெரிஞ்சிடுச்சு, இனி இப்படி ஒரு நேரம் கிடைக்காதுன்னு.

ஹோட்டலுக்குப் போனதும் என்ன செஞ்சீங்க? வேனை நேரா பின்பக்கம் கொண்டுபோய் நிப்பாட்டி, சமையல் நடக்குற குசினிக் கதவைத் தட்டினீங்க. அந்த அம்மா கை துடைச்சுக்கிட்டே ஓடி வந்தாங்க.

"அண்ணை, ஏன் பின்னால வந்தனீங்கள்? முன்னால வாங்கோ!"

"பழக்கம் அம்மா"ன்னு தலையைச் சொறிஞ்சீங்க.

வாசல்லயே நம்ம சிலிசிலி பேக்கை எல்லாம் வாங்கி வச்சுக்கிட்டு, துணிப்பை குடுத்தாங்க. அங்க பிளாஸ்டிக் ஆகாதாம். தண்ணி கண்ணாடிப் போத்தல்ல. கிடுகுக் கூரை, ஏசி இல்ல, வெயில்ல சார்ஜ் ஆகுற லைட்டு. சாப்பிட்ட மிச்சம் உரக்குழிக்கு. துவாயைக் கீழே போட்டா மட்டும்தான் கழுவுவாங்களாம், தண்ணி மிச்சம் பிடிக்க. நான் பாவம்னு அதை மடிச்சு மடிச்சுத் தொங்கப் போட்டேன்.

"ஏங்க, நம்ம வீட்டுலயும் ஏசி இல்ல, மழைத் தண்ணிதான் பிடிக்கிறோம். இதுக்கா காசு குடுத்து வர்றாங்க?"

"வாசல்ல ஒரு போர்டு போட்டுரு புள்ள. நாளைக்கே நாலு வெள்ளக்காரனைக் கூட்டிட்டு வர்றேன்."

அந்த அம்மாகூட விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

ஆனா சாப்பாட்டு மேசையில நீங்க இருப்புக் கொள்ளல. பக்கத்து மேசையில யாராவது எந்திரிச்சா நீங்களும் எந்திரிச்சிடுவீங்க. சட்டைப் பையில சாவி இருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பார்த்தீங்க. சாப்பிட்டதும் ரூமுக்கு வந்தோம். ஜன்னலைத் திறந்தா முழுக்கக் கடல். நான் கொஞ்சம் கண்ணசந்து எந்திரிச்சுப் பார்த்தா, உங்களைக் காணோம்.

எங்கெங்கயோ தேடினேன். பின்பக்கம், உரக்குழி தாண்டி, வர்ற டிரைவர்மார் தங்குற ரூம். உள்ள ரெண்டு பேர் காட்ஸ் விளையாடிக்கிட்டு இருந்தாங்க. ஓரத்துக் கட்டில்ல நீங்க வாயைத் திறந்துக்கிட்டு நல்ல தூக்கம். வீட்டுல ரெண்டு தலையணை அடுக்கி வச்சும் மூச்சு முட்டி எந்திரிக்கிற மனுஷன், அங்க குழந்தை மாதிரிப் படுத்திருக்கீங்க.

சண்டை பிடிக்கத்தான் வந்தேன். ஒரு தம்பி, "அக்கா, உக்காருங்க"ன்னு பலகை வாங்கைத் தள்ளிவிட்டான். உக்காந்தேன். அந்த ரூமுக்கு இருக்கிறது ஒரு சின்ன ஜன்னல். அதுல தெரியிறது ஒரு சுவரு, சுவத்துல காயுற சட்டைங்க. கடல் எங்கயோ சுவத்துக்கு அந்தப் பக்கம் இரைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. இத்தனை வருஷமா நான் பொறாமைப்பட்ட கடல் இதுதானா?

முழிச்சதும் பதறிட்டீங்க. "நீ ஏன் புள்ள இங்க வந்த? இது டிரைவர் ரூம்."

"நான் டிரைவர் பொண்டாட்டிதானே. அந்த ரூம் பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன. ஆனா அங்க படுத்தா, யாரோ கூப்பிடப் போறாங்கன்னே இருக்கு. கண்ணு மூட மாட்டேங்குது."

யாரோ கூப்பிடுறதுக்கு முன்னாடி நானே கூப்பிட்டுட வேண்டியதுதான். எந்திரிச்சு வாசல்ல போய் நின்னு, "டிரைவர்! வண்டியை எடுங்க"ன்னு அதட்டினேன். காட்ஸ் விளையாடினவங்க திகைச்சுப் பார்த்தாங்க. நீங்க சட்டையைச் சரி பண்ணிக்கிட்டு, முகத்தை இறுக்கி வச்சுக்கிட்டு வந்தீங்க.

"எங்க போகணும் மேடம்?"

"அந்தக் கதிரை வரைக்கும்."

மணல்ல தென்னைமரத்துக்குக் கீழே ரெண்டு சாய்மணைக் கதிரை கிடந்துச்சு. முதல்ல நுனியிலதான் உக்காந்தீங்க, எப்ப வேணும்னாலும் எந்திரிக்கிற ஆள் மாதிரி. சாவியைக் கேட்டேன். யோசிச்சுக் குடுத்தீங்க. நான் அதை மடியில முடிஞ்சுக்கிட்டேன். அதுக்கப்புறம்தான் முதுகு மெதுவாச் சாய்ஞ்சுச்சு.

கடலையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க. பிறகு, "எத்தனையோ தரம் பார்த்திருக்கேன் புள்ள. பேக்கைத் தூக்கிக்கிட்டு, பிள்ளைங்க தண்ணியில விழுந்துடாம காவல் நின்னுக்கிட்டு. உக்காந்து பார்த்ததில்ல"ன்னீங்க. உங்க காலடியில அலை வந்து போச்சு. நீங்க காலை இழுக்கல.

அவ்வளவுதான் நடந்தது. வேற ஒண்ணும் இல்ல. ஆனா அந்த ஒரு பின்நேரம் இல்லாட்டி, இப்ப நான் எதைப் பிடிச்சுக்கிட்டு இருப்பேனோ தெரியல.

உங்களை மயானத்துக்குக் கொண்டுபோன அன்னைக்கு, ரோட்டோரத்துல வேன்களா நின்னுச்சு. எல்லாரும் என்னைச் சுத்தி அழுறாங்க. நான் எந்திரிச்சு, "ஏத்திட்டு வந்த டிரைவர்மார் எங்க? வெளியில நிப்பாங்க. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு பிளேன்டீ குடுங்க"ன்னேனாம். உங்க தங்கச்சி சொல்லித்தான் எனக்கே தெரியும். இப்பவும் ஆட்டோவுல யாராவது வந்தா, வந்தவங்களுக்கு முன்னாடி ஓட்டிட்டு வந்தவரைத்தான் உள்ள கூப்பிடுறேன். முன்னால கிடக்குற உங்க கதிரையைத்தான் குடுக்குறேன். சில பேர் நுனியிலதான் உக்காருவாங்க. எனக்கு அது புரியும்.

நாளைக்கு வேன் போயிடும். அந்த மணலைத் திரும்பக் கால்மிதிக்குக் கீழேயே போட்டுட்டேன். வாங்கினவர் திட்டினாத் திட்டட்டும்.

ஒண்ணே ஒண்ணுதான் மனசை அரிக்குது, டிரைவர் ஐயா. போன இடத்துலயும் பழக்கத்துல நேரா பின்பக்கம் போய்க் கதவைத் தட்டினீங்களா, இல்ல, முன்னால வாங்கோன்னு யாராவது ஓடி வந்து கூப்பிட்டாங்களா?