தலை ஆடிக்கு வந்த மாப்பிள்ளைக்கு

என் அன்பு முருகேசா,

நீ பாதியில் விட்டுப்போன கணக்கை முடித்துவிட்டேன். ஈய அணுக்கருக்களை ஒளிவேகத்தை நெருங்கும் வேகத்தில் ஒன்றோடொன்று அறைந்தால், நீ சொன்னதுதான் நடக்கிறது. சூரியனின் நடுப்பகுதியைவிட லட்சம் மடங்கு சூடு. மோதிய கணத்தில் பிறக்கும் சார்ம் குவார்க் துகளும் அதன் எதிர்த்துகளும் சேர்ந்து நிற்க முடிவதில்லை. கொதிக்கிற துகள்கூட்டம் நடுவில் புகுந்து, ஒன்றின் இழுப்பு மற்றதற்கு எட்டாமல் செய்துவிடுகிறது. எதிர்பார்த்ததைவிடக் குறைவான ஜோடிகளே வெளியே வருகின்றன.

கட்டுரையில் உன் பெயரை முதலில் போட்டிருக்கிறேன். சந்தோஷமா உனக்கு? அதிலுள்ள வரைபடத்தை முடித்ததும் மூடி வைத்தேன், மறுபடி திறக்கவில்லை.

நீ கல்வராயன் மலைப் பழங்குடிக்காரன். நாங்கள் நைனார்பாளையத்தில் நிலம் வைத்திருப்பவர்கள். என் தங்கை கயலை நீ பதிவுத் திருமணம் செய்துகொண்டு சென்னையில் ஒளிந்திருந்தபோது, முகவரி தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம்.

"நடந்தது நடந்துபோச்சு. தலை ஆடிக்கு மாப்ளய அழைக்காம வுட்டா வூட்டுக்கு இன்னா மரியாத? நீயே போய் இட்டுக்கினு வா" என்றார்.

புது வேட்டி, புடவையோடு சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேனே, நினைவிருக்கிறதா? சீர் கொடுத்து அழைத்தவன்மேல் கை ஓங்க மாட்டார்கள் என்று நம்பினேன். படித்த முட்டாள் நான்.

நீ சோற்றில் கை வைத்தாய். ஆடி மாதம் பெண் தாய்வீட்டில் இருப்பதுதானே வழக்கம் என்று கயலை அறைக்குள் தள்ளித் தாழ் போட்டார்கள். அடுத்த நிமிடம் மண்வெட்டிக் காம்பு உன் வாயில் இறங்கியது. உன் பல் ஒன்று என் இலையில் வந்து விழுந்தது. அவள் கதவை மோதுகிறாள், நீ அவள் பெயரைக் கத்துகிறாய், நடுவில் பத்துப் பேர். பெரியப்பா உன் நெஞ்சில் ஏறி மிதித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதோடு உன் மூச்சு நின்றது.

நான் கொல்லையில் இருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்று போலீசில் எழுதிக் கொடுத்தேன்.

சிதைந்த ஜோடியை நம் ஆய்வில் யாரும் நேரில் பார்ப்பதில்லை. வரவேண்டியது வரவில்லை என்பதை வைத்தே சொல்லிவிடுகிறோம். கோர்ட்டுக்கு அது போதாது, பார்த்தவன் வேண்டுமாம். போன வாரம் கயல் என் வாசலில் வந்து நின்றாள்.

"நான் கதவுக்கு அந்தாண்ட இருந்தேன். அவர யாரு மிதிச்சாங்கன்னு நீதான பாத்த? அப்ப இன்னாண்ணே பண்ணிக்கினு இருந்த?"

"இலைல உக்காந்துகினு இருந்தேன், கயலு. எழுந்திருக்கல."

அவள் அழவில்லை. "அத்தயே கோர்ட்ல சொல்லு" என்றாள்.

வாயைத் திறந்தால் தனக்குக் கொள்ளி வைக்கக்கூட வரவேண்டாம் என்கிறாள் அம்மா. நாளைக் காலை கள்ளக்குறிச்சி கோர்ட்டில் கூண்டேறுகிறேன். பெரியப்பாவைக் கைநீட்டிக் காட்டுவேன். உன்னை அந்த வீட்டுக்குக் கூட்டிவந்தது யார் என்று யாரும் கேட்காவிட்டாலும், அதையும் சொல்வேன்.

எழுந்து நிற்காத உன் மச்சான்,
கயலின் அண்ணன்