கூரையில்லா அடுப்பு

வளம் பொலிக. வானும் கடலும் வாழ்த்தும் முந்நீர்க்கரை நாட்டின் கோமான் இளம்பரிதியாரின் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகன் சேந்தங்கீரன் எழுதுவது. ஆற்றிடைக் கோட்டையைக் காப்பவரும் மூன்று போரில் முதுகு காட்டாதவருமாகிய ஏனாதி அதிரனார் காண்க. நும் மதில் நிலைபெறுக. நும் குதிரைகள் நோயின்றி நிற்க. நும் வீரர் கலத்தில் சோறு குறையாதிருக்க.

வரும் முழுமதி நாளில் உயிர் இழக்கும்படி நும் சிறையில் வைக்கப்பட்டிருக்கும் அரண்மனை மடைத்தலைவி நன்கொற்றியைப் பற்றியது இவ்வோலை. அரசர்க்குரிய உணவு மடைப்பள்ளிக் கூரையின் கீழன்றிச் சமைக்கப்படுமாயின், சமைத்தவர் நஞ்சிட்டவராகக் கருதப்படுவர் என்பது நம் நாட்டுச் சட்டம். அந்தத் தண்டனையை முத்திரையும் மாற்றாது, அமைச்சர் சொல்லும் மாற்றாது. அரசர் தம் கையால் எழுதிய எழுத்தே மாற்றும். கோமானின் பாட்டனார் காலத்தில், களவுபோன முத்திரையால் ஒரு கொலைஞன் விடுதலை பெற்று இளவரசர் ஒருவரைக் கொன்ற துயரத்திற்குப் பின் எழுந்த கட்டளை இது. நீவிர் அதனை வழுவாது காத்து வருவது அறிவோம்.

ஆயினும் நீவிர் அறியாத ஒன்றுண்டு. கடந்த எட்டுத் திங்களாகக் கோமானின் இரு கைகளும் வாதத்தால் முடங்கிக் கிடந்தன. விரல் மடங்காது, மடங்கினால் விரியாது. உடன்படிக்கை பேச வந்த வடபுலத் தூதர்கள் நம் நகரில் தங்கியிருந்தமையால், இச்செய்தியை அறிந்தவர் நால்வரே: கோமான், யான், சீனத்துக் கப்பலில் வந்த வைத்தியர் லியாங், நன்கொற்றி.

நம் நாட்டு எண்ணெயும் மருந்துக்கிழியும் பயன்படாதபோது, மூட்டுக்குள் புகுந்த காற்றையும் ஈரத்தையும் விரட்டச் சாரைப்பாம்பின் இறைச்சியைச் சாறாக்கி நாளுக்கு ஒன்றாக இருபத்தொரு கிண்ணம் பருகவேண்டும் என்று லியாங் உரைத்தார். தம் நாட்டில் அது மருந்து மட்டுமன்று, குளிர்காலத்தில் விருந்தும் என்றார். அதைக் கேட்ட கோமான், பாம்பு தின்னும் ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு என்பார்கள், அந்த ஊரே கப்பலேறி நம்மிடம் வந்தபின் கேட்கவும் வேண்டுமோ என்று நகைத்தருளினார். நன்கொற்றி நகைக்கவில்லை. அவள் பிறந்த குடி நாகத்தைத் தெய்வமாக வணங்குவது. விளக்கு வைத்தபின் அதன் பெயரையும் சொல்லாத குடி. அரசர் உண்பதற்கு முன் மடைத்தலைவி உண்டு காட்டவேண்டும் என்ற முறையும் அவளுக்குத் தெரியும். அன்று மாலையில் என்னிடம் வந்து, தெய்வத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டதாகவும், அரசரின் கை மீண்டும் வழங்கத் தொடங்கினால் ஒருவரும் பட்டினி கிடக்கமாட்டார் என்பதற்காக அது பொறுத்துக்கொள்ளும் என்று நம்புவதாகவும் கூறினாள். அப்போதே இந்நோயைப் பற்றி எவரிடமும் வாய் திறவேன் என்று அவளிடம் ஆணை வாங்கியவன் யான்.

சமையலில் ஓர் இடர் வந்தது. பாம்புச் சாற்றைக் கூரையின் கீழ் கொதிக்க வைக்கலாகாது, அதன் மணத்துக்குப் பூரான்கள் விட்டத்தில் கூடி நஞ்சைச் சொட்டும் என்பது சீனத்தார் வழக்கு. லியாங் அதில் ஓர் அணுவும் விட்டுக்கொடுக்கவில்லை. நம் சட்டமோ கூரை வேண்டும் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நின்ற நன்கொற்றி, மடைப்பள்ளியின் வடமூலை அடுப்புக்கு நேர் மேலே இருந்த ஓடுகளை மட்டும் தன் கையால் நீக்கினாள். சுவர் நான்கும் உண்டு, வானமும் உண்டு, இருவர் முறையும் காக்கப்பட்டன என்று எண்ணினாள். சட்டத்தில் சுவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதை அவளும் எண்ணவில்லை, யானும் எண்ணவில்லை.

எலும்பு களைந்து நூலாய்ப் பிய்த்த இறைச்சி, முதிர்ந்த கோழி, இஞ்சி, மிளகு, உலர்ந்த நாரத்தைத் தோல், இறக்கும் வேளையில் ஒரு பிடி சாமந்தி இதழ். முதல் நாள் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் பருகியதை யான் கண்டேன். ஏழாம் நாள் மிளகு போதாது என்று சொல்லிக் கூட்டினாள். பத்தொன்பதாம் நாள் நண்பகலில், அன்றைய கிண்ணம் கோமானை அடைந்த சிறிது நேரத்தில், புகை கூரையைப் பிளந்து நேரே எழுவதைக் கண்ட காவலர் உள்ளே புகுந்தனர். உரித்த தோலைக் கண்டனர். பாம்பென்றால் படையும் நடுங்கும். அடுப்பேறிய பாம்புக்கும் நடுங்கிய படை நம் அரண்மனைக் காவற்படை ஒன்றே.

ஓடுகளை ஏன் நீக்கினாய் என்று காவலர் வினவியபோது, வெளிச்சம் போதவில்லை என்றாள். உச்சிவெயிலில் சொன்ன அந்த மறுமொழியை எவரும் நம்பவில்லை. தீர்ப்புக்கு முன் உண்மையைச் சொன்னால் தலை தப்பக்கூடும். ஆனால் அரசரின் கை முடங்கியது தூதர் செவிக்கு எட்டும். அவையில் கேட்டபோதும் அவள் வெளிச்சம் போதவில்லை என்றே சொன்னாள். யான் அங்கே அமர்ந்திருந்தேன். வாய் திறவாதிருந்தேன். அதன்பின் பதினொரு நாளாக எனக்கு உண்ட சோறு உடம்பில் ஒட்டவில்லை.

அவளைக் காக்கவல்லது அரசரின் கையெழுத்து ஒன்றே; அவ்வெழுத்தை எழுதவல்ல கையோ அவள் சமைத்த சாற்றை நம்பி இருந்தது. அவள் சமையல் பொய்த்திருந்தால் அவளும் இல்லை.

நேற்று உடன்படிக்கை முத்திரையோடு நிறைவேறித் தூதர் கப்பலேறினர். இன்று காலை கோமான் நீர்க்குவளையைத் தாமே எடுத்துப் பருகினார். சாற்றின் திறமோ, லியாங் மூட்டில் குத்திய ஊசியோ, கோடை பிறந்ததோ, யான் அறியேன். பிறகு எழுத்தாணியைக் கேட்டார். மூன்று ஓலை கிழிந்தன. நான்காவது இது.

ஆதலின் ஏனாதியார், கீழுள்ள எழுத்தை நும் பேழையிலுள்ள கோமானின் பழைய ஓலையோடு ஒப்பிட்டு, ஐயம் தீர்ந்த அக்கணமே நன்கொற்றியைச் சிறை நீக்கி, இவ்வோலை கொணர்ந்த படகிலேயே சிறப்புடன் அனுப்புக. வடமூலை அடுப்புக்கு மேல் ஓடு வேயலாகாது என்ற புதிய கட்டளையையும் சட்ட ஏட்டில் சேர்த்துக்கொள்க. மீன்முத்திரை இட்டேன், அது வழக்கத்துக்கு. இனி வருவது கோமானின் கை.

அதிரா, எழுத்து கோணியிருப்பது கண்டு ஐயுறாதே. கை எமதே. அவளை விடு. இன்னும் இரண்டு கிண்ணம் மீதி இருக்கிறது. அவற்றில் முதல் வாய் இனி அவள் பருக வேண்டியதில்லை, யாமே பருகுவோம் என்று அவளிடம் சொல்.