எல்லா வயதினருக்கும் ஏற்றது

மார்ச் 3, திங்கள்

பிரசவ விடுப்பு முடிந்தது. பதினான்கு வாரக் குட்டியை அண்ணியிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். அண்ணி, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, முப்பது வருடம் புவியியல் டீச்சராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வீட்டின் தட்பவெப்பம் அவர் பொறுப்பு. "நீ நிம்மதியா போ. நாப்பது பிள்ளைங்கள ஒரே அறையில உக்கார வெச்சவ நான். இது ஒண்ணே ஒண்ணு" என்றார். அந்த ஒன்று அந்த நேரத்தில் அவர் தோளில் கக்கிக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் அதே சீட், அதே ஹெட்போன். தேன் மட்டும் மாறியிருக்கிறது. நான் விடுப்பில் போகும்போது எங்கள் கம்பெனி விற்றது வெறும் தேன். இப்போது ப்ரீபயாடிக் தேன். குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்குத் தீனியாம். இந்தப் பதவி உயர்வு தேனீக்களுக்குத் தெரியுமோ என்னவோ.

வாடிக்கையாளர் போனில் என்ன கேட்டாலும் கம்பெனி கொடுத்த கார்டில் இருப்பதைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். முடிக்கும்போது, "உங்கள் குடல் இன்று சிரிக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த அழைப்புக்குப் போடும் மதிப்பெண்ணில் ஐந்து போய்விடும். இன்று ஒருவர், "மாமனார் தவறிட்டாரு, இந்த மாச பாட்டில் வேண்டாம்" என்றார். சொன்னேன். மதிப்பெண் கிடைத்தது.

பதினொரு மணிக்கு ரவிக்கை நனைந்தது. யாரோ ஒருவருடைய குழந்தை போனில் அழுதது. என் உடம்புக்கு எந்தக் குழந்தை என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

இன்று இரண்டு ரவிக்கை கொண்டுபோனேன். போதவில்லை.

மார்ச் 7, வெள்ளி

பால் எடுக்க இடம் கேட்டேன். சூப்பர்வைசர் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம கம்பெனிக்கே தாய்மைதான் அடையாளம். நம்ம போஸ்டர பாருங்க" என்றார். பார்த்தேன். ஒரு தாய் குழந்தையை அணைத்துக்கொண்டு ஒரு தேன் பாட்டிலைப் பார்த்துச் சிரிக்கிறாள். "இடம்?" என்றேன். யோசித்துவிட்டு, சரக்கு அறைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையின் சாவியைக் கொடுத்தார்.

அங்கே கண்காட்சிகளில் ஆள் போட்டுக்கொள்ளும் தேனீ வேஷம் ஆணியில் தொங்குகிறது. தலை மட்டும் ஒரு தண்ணீர் டிரம் அளவு. கால்மணி நேரம் பால் எடுக்கும் பம்ப்பை வைத்துக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்தேன். அது கண் சிமிட்டாமல் பார்த்தது. பாட்டிலின் அடி மட்டும் நனைந்தது. அவ்வளவு பெரிய கண் உறுத்துப் பார்த்தால் பசுவுக்கே சுரக்காது.

மார்ச் 12, புதன்

புதுக் கார்டு வந்திருக்கிறது. கேள்வி: குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? பதில்: எல்லா வயதினருக்கும் ஏற்ற இயற்கை.

பிரசவ ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் நாற்பது விஷயம் சொன்னார். அதில் ஒன்று, ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது என்பது. சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"குடுக்கலாம்னு நாம எங்க சொல்றோம்? ஏற்ற இயற்கைன்னுதான சொல்றோம்."

"கேக்கறவங்க குடுக்கலாம்னுதான சார் எடுத்துக்குவாங்க?"

"அது அவங்க எடுத்துக்கறது. நீங்க இப்பதான் லீவு முடிஞ்சு வந்திருக்கீங்க. முதல்ல மதிப்பெண்ண கவனிங்க."

கவனித்தேன். இன்று இரண்டு பேர் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் கார்டில் இருந்ததையே வாசித்தேன். நர்ஸ் அவர்களுக்கும் சொல்லியிருப்பார் இல்லையா? எல்லா நர்ஸும் நாற்பது விஷயம் சொல்லத்தானே செய்வார்கள்?

மார்ச் 15, சனி

குழந்தை டாக்டரிடம் போனோம். எடை ஏறவில்லை. நான் வேலைக்குப் போன பிறகு ஏறவே இல்லை. "தாய்ப்பால நிறுத்தாதீங்க. எடுக்க எடுக்கத்தான் சுரக்கும். கூடவே இந்த டப்பா பாலையும் குடுங்க" என்றார் டாக்டர்.

இது தோல்வியா என்று நான் கேட்கவில்லை. என் முகம் கேட்டிருக்க வேண்டும். "உங்க பால்லயே குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவுக்குத் தீனி இருக்கும்மா. கொஞ்சம் போனாலும் நல்லதுதான்" என்றார்.

அப்படியென்றால் நானும் ஒரு ப்ரீபயாடிக் தொழிற்சாலைதான். லேபிள் கிடையாது, போஸ்டர் கிடையாது, உற்பத்தியும் சரிவு.

வீட்டுக்கு வந்து டப்பாவைச் சமையலறை அலமாரியில் வைத்தேன். அதைப் பார்த்த மேல்வீட்டு அம்மா, "என்ன, பால் இல்லையா?" என்றார். அரிசி இல்லையா என்று கேட்கும் தொனி.

மார்ச் 18, செவ்வாய்

பால் குறைந்த செய்தி அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து சீட்டு ரேடியோவைத் தவிர எல்லோரும் ஆலோசனை சொன்னார்கள். அவள் பேரே மறந்துபோகும் அளவுக்கு அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுகிறோம். அப்படி ஒரு குரல். அவள் மட்டும், "தண்ணி குடிச்சீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு பாட்டிலை நகர்த்தி வைத்தாள்.

சூப்பர்வைசர் ஒரு பெரிய தேன் பாட்டில் கொடுத்தார். "தினம் ரெண்டு ஸ்பூன். பால் கொட்டும்."

இரவுச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு ஸ்பூன் விழுங்கினேன். பால் கொட்டவில்லை. என் குடல்தான் சிரித்தது, விடாமல். பாட்டிலை மூடி டப்பா பாலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

மார்ச் 22, சனி

டப்பா பால் குடித்ததிலிருந்து குட்டிக்கு மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை. முக்கி முக்கிச் சிவக்கிறாள். வீட்டில் வேறு பேச்சே இல்லை. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பழுதாகி நிற்கும் எதையும் விசை போட்டு இறக்கிவிடுபவர். அவரே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

மார்ச் 25, செவ்வாய்

குட்டி வெளிக்குப் போய்விட்டாள். அண்ணி எனக்கு அலுவலகத்துக்கே போன் செய்து சொன்னார். "எப்படி அண்ணி?" என்றேன். "எல்லாம் கேட்டு விசாரிச்சுதான் செஞ்சேன்" என்றார். டாக்டரை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 2, புதன்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

இன்று பயிற்சி வகுப்பு. சென்ற மாதத்தின் சிறந்த அழைப்பு என்று ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். நூற்றுக்கு நூறு. பேசியது ரேடியோ. எல்லோரும் கைதட்டினோம். பிறகு வாடிக்கையாளரின் குரல் வந்தது.

"வீட்ல நாலு மாசக் குழந்தை இருக்கு. வெளிக்குப் போகாம கஷ்டப்படுது. உங்க பாட்டில்ல குடலுக்கு நல்லதுன்னு போட்டிருக்கு. லேசா நாக்குல தடவலாமா?"

அண்ணி. எங்க அண்ணி. வகுப்பில் கேள்வி கேக்கற அதே நிதானம்.

"எல்லா வயதினருக்கும் ஏற்ற இயற்கைங்கம்மா" என்றாள் ரேடியோ, பூப்போல. "உங்கள் குடல் இன்று சிரிக்கட்டும்."

சூப்பர்வைசர் நிறுத்திவிட்டு, "தயக்கமே இல்ல, கவனிச்சீங்களா?" என்றார். நான் எழுந்துவிட்டேன். எங்கே என்றார். "என் பொண்ணு சார் அது, என் பொண்ணு." சொன்னேனா, சொல்லவில்லையா, நினைவில்லை. பை, ரவிக்கை, பம்பு எல்லாம் அங்கேயே கிடக்கிறது.

வீட்டுக்கு ஓடி வந்து, "குடுத்தீங்களா?" என்றேன். அண்ணி பயந்துவிட்டார். "விரல் நுனியில. தினம் ஒருவாட்டி. பத்து நாளா. ஏன்?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"நீ ஏற்கனவே பால் இல்லன்னு அழுதுட்டு இருக்க. உன்ன ஏன் தொந்தரவு பண்ணணும்னு உன் கம்பெனியத்தான கேட்டேன்."

அந்தக் கார்டுப் பதிலை நானே ஏழு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

குட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கக்கூடுமாம். பெரியவர்கள் குடல் சமாளித்துவிடும். ஒரு வயதுக்குள் சமாளிக்காது. "ரொம்ப அரிதும்மா. ஆனா வந்தா விளையாட்டில்ல. ஒரு மாசம் கவனிங்க. மலச்சிக்கல், அழுகை மெலியறது, கழுத்து தொங்கறது, இமை சரியறது, உறிஞ்ச பலம் இல்லாமப் போறது. ஒண்ணு தெரிஞ்சாலும் உடனே வந்துடணும்."

அண்ணி அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். கையெழுத்து கோணியிருந்தது. கரும்பலகையில் நேர்கோடு போட்டவர்.

ஏப்ரல் 4, வெள்ளி

வலிக்க வலிக்கக் குடித்தாள். கடித்தாள் என்றே சொல்லலாம். இவ்வளவு நாள் இந்த வலிக்காக அழுதேன். இன்று இன்னும் இழு, இன்னும் இழு என்று இருந்தது.

ஏப்ரல் 5, சனி

அண்ணி சாப்பிடவில்லை. மணிக்கு ஒரு தரம் குட்டியை அழ வைத்துச் சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார். குட்டி இப்போது அவரைக் கண்டாலே அழுகிறாள். நல்ல அழுகை.

ஏப்ரல் 7, திங்கள்

சாப்பாட்டு இடைவேளையில் தேனீ அறையில் உட்கார்ந்து, நான் தவறாகப் பதில் சொன்ன ஏழு பேரையும் கூப்பிட்டேன். எண்கள் பதிவேட்டில் இருந்தன.

மூன்று பேர் கொடுக்கவே இல்லை. இரண்டு பேர் அன்றே நிறுத்துவதாகவும் டாக்டரிடம் காட்டுவதாகவும் சொன்னார்கள். ஒருவர் சண்டைக்கு வந்தார். "போன மாசம் நல்லதுன்னீங்க, இப்ப கூடாதுங்கறீங்க. தேன் மாறிச்சா, நீங்க மாறினீங்களா?"

"நான்தாங்க மாறினேன்" என்றேன். அவர், "சரி, குடுக்கல" என்றார்.

ஏழாவது எண் எடுக்கவில்லை.

பிற்பகல் வந்த அழைப்புகளில் கேட்டவர்களுக்கெல்லாம் கார்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னேன்: ஒரு வயது வரைக்கும் வேண்டாம். ரேடியோ என்னைப் பார்த்தாள். நான் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

மதிப்பெண்: பூஜ்யம். சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

"உங்க வீட்டு விஷயத்த ஏம்மா வாடிக்கையாளர்கிட்ட கொண்டு வர்றீங்க?"

"வாடிக்கையாளர்தான் சார் என் வீட்ல இருக்காங்க."

புரியவில்லை அவருக்கு. இனிமேல் எனக்குப் போன் கிடையாதாம். திரும்பி வரும் பாட்டில்களைப் பதிவு செய்யும் வேலை. சரக்கு அறையில், தனியாக. தண்டனை என்று சொல்லவில்லை. "உங்களுக்கு ஓய்வா இருக்கும்" என்றார்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஏழாவது எண் எடுத்துவிட்டது. குழந்தை முதல் நாளே துப்பிவிட்டதாம். மிச்சப் பாட்டிலை அதன் அப்பாதான் நக்கித் தீர்த்தாராம். கடவுளே, அந்தக் குழந்தைக்கு இருந்த விவரம் எங்கள் மொத்த அலுவலகத்துக்கும் இல்லை.

ஏப்ரல் 16, புதன்

தண்டனை இனிக்கிறது. சரக்கு அறையில் யாரும் என்னைத் தேடுவதில்லை. ஒரு நாளைக்கு மூன்று தரம் பம்பு. தேனீத் தலையைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். இன்று அரை பாட்டில் வந்தது.

வீட்டில் வேறு கதை. அண்ணி ஓய்வு பெற்ற டீச்சர்களைத் திரட்டிவிட்டார். பதினாலு பேர். யார் எந்த மணிக்குக் கம்பெனிக்குப் போன் செய்வது என்று பரீட்சை மேற்பார்வைப் பட்டியல் மாதிரி கட்டம் போட்டு எழுதி ஒட்டியிருக்கிறார். எல்லோருக்கும் ஒரே கேள்வி: குழந்தைக்குக் கொடுக்கலாமா? கார்டுப் பதில் வந்தால், "ஏற்றதுன்னா என்ன அர்த்தம்? ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க." சொல்லாவிட்டால், "உங்க மேலதிகாரிய கூப்பிடுங்க." கணக்கு டீச்சர் ஒருவர் நாற்பது நிமிடம் பிடித்து வைத்தாராம்.

"இதெல்லாம் எதுக்கு அண்ணி?"

"தப்பான விடைக்கு மார்க் போட்டு விட்டுட்டா பையன் அதையேதான் எழுதுவான்" என்றார். இன்றுதான் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

மே 2, வெள்ளி

ஒரு மாதம் முடிந்தது. டாக்டர் குட்டியைக் குப்புறப் போட்டார். கழுத்தை நிமிர்த்தி அவரை முறைத்தாள். எடையும் ஏறியிருக்கிறது. "இனி பயப்பட வேண்டாம்" என்றார்.

அண்ணி வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டார். நானும் போனேன். அவர் என் முந்தானையில் மூக்கைத் துடைத்தார்.

மே 12, திங்கள்

புதுக் கார்டு வந்துவிட்டது. "ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்குத் தேன் கொடுக்க வேண்டாம்." லேபிளிலும் வருமாம்.

காரணத்தையும் சுற்றறிக்கையில் போட்டிருக்கிறார்கள். குழந்தை அல்ல, டாக்டர் அல்ல, மனசாட்சி அறவே அல்ல. இந்த ஒரு கேள்வியால் சராசரி அழைப்பு நேரம் மூன்று மடங்கு ஆகிவிட்டதாம். தெளிவான பதில் இருந்தால் இருபது நொடியில் முடிந்துவிடுமாம். யோசனை சொன்ன சூப்பர்வைசருக்குப் பாராட்டு.

அண்ணியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "வாக்கியம் சரியா இருக்கு" என்றார்.

ஜூன் 1, ஞாயிறு

ரேடியோ வீட்டுக்கு வந்தாள். வாசலில், "அக்கா இருக்காங்களா?" என்றாள். கதவைத் திறந்த அண்ணி, "யாரும்மா?" என்றார். அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் குரல் தெரிந்துவிட்டது.

"நான்தாம்மா அன்னிக்கு..." என்று ஆரம்பித்தாள் ரேடியோ.

"கேட்டவளும் நான்தான், தடவினவளும் நான்தான். உள்ள வா" என்றார் அண்ணி.

பால் முழுதாகத் திரும்பவில்லை. காலையும் மாலையும் நான், நடுவில் டப்பா. இன்று மேல்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "இன்னும் பால் வரலையா?" என்றார். "வருது, பத்தல" என்று சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்து கலக்கினேன்.

குட்டியை ரேடியோ மடியில் வாங்கிக்கொண்டாள். பாட்டிலை எப்படிச் சாய்ப்பது என்று அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். தட்டைப் போட்டுக்கொண்டு நான் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பாடு சுடச்சுட இருந்தது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் என்னைக் கூப்பிடவில்லை.