ஆணியில் தொங்கும் போன்

அன்புள்ள ஈவ்லின் அப்பாவுக்கு,

போனில் சொன்னால் மஸ்கட்டிலிருந்தே கத்துவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

ஈவ்லினுக்குப் பதினேழு வயதாகிறது, தினமும் பெங்களூர் காலேஜுக்கு ரயிலில் போய்வருகிறாள். அவள் இருக்குமிடம் என் போனில் தெரியும்படி வைக்கச் சொன்னது நீங்கள். நாள் முழுக்க அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பது நான். நேற்று பங்காருபேட்டையில் புள்ளி பத்து நிமிஷம் நகரவில்லை. பதினோரு முறை கூப்பிட்டுவிட்டேன். பெட்டியில் எல்லாரும் சிரித்தார்களாம். வந்ததும், "இன்னாம்மா நீ, நான் இன்னா கைதியா?" என்றாள். அதற்கு நான் செய்ததை எழுத மாட்டேன். கை இன்னும் எரிகிறது.

உங்கள் அப்பா சுரங்கத்தில் இறங்குமுன் பித்தளை டோக்கனை மேலே பலகையில் மாட்டிவிட்டுப் போவாரே. ஷிஃப்ட் முடிந்து அவரே வந்து எடுக்கும்வரை ஆள் கீழே இருப்பதாக அர்த்தம். அவர் நினைவாக அந்த டோக்கன் தொங்கும் நம் வீட்டு ஆணியில், இன்று சர்ச்சிலிருந்து வந்து பார்த்தால், அவள் போன் தொங்குகிறது. கூடவே ஒரு சீட்டு: "ஃப்ரெண்ட்ஸோட வெளிய போறேன். தாத்தா மாதிரி மாட்டிட்டுப் போறேன். ஆறு மணிக்கு நானே வந்து எடுத்துக்கறேன். தேடாத."

ஆண்டர்சன்பேட்டை முழுக்கத் தேடிவிட்டேன். என் போனில் மட்டும் அவள் புள்ளி நம் வீட்டிலேயே பத்திரமாக இருக்கிறது.

இது உங்கள் கைக்கு வருவதற்குள் அவள் வந்திருப்பாள், சாப்பிட்டிருப்பாள். இப்போது மணி ஏழரை. அவள் போன் அடிக்கிறது, யாரென்று பார்க்கக்கூட ஆணியிலிருந்து எடுக்கவில்லை. அதை அவள்தான் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசலில் உட்கார்ந்திருக்கும்
உங்கள் பிள்ளையின் அம்மா