கப்பி ஈன்ற தேதிகள்

குமுளி, 12 செப்டம்பர் 1974, வியாழன்

மகள் திரிபுரசுந்தரி ஞாயிறன்று வைத்துவிட்டுப் போன கப்பி மீன்கள் இரண்டும் நலம். ஆணுக்கு விசிறி வால். பெண்ணுக்கு நிறம் என்று ஒன்றுமில்லை. வயிறு மட்டும் பெருத்திருக்கிறது. இவ்வினம் முட்டையிடுவதில்லை, குஞ்சுகளாகவே ஈனும். "குஞ்சு போட்டதும் எழுதுங்கோ அப்பா. நானே வந்து எடுத்துண்டு போறேன்" என்றாள். புக்ககமான கல்பாத்தியிலிருந்து அவள் இங்கு வந்தது பதினான்கு மாதங்களுக்குப் பிறகு. ஆகவே குஞ்சுகள் அவசியம்.

19 செப்டம்பர், வியாழன்

காலை 6.20. ஆண் மீன் இறந்து மிதந்தது. பெண் வழக்கம்போல் தீனி எடுக்கிறது.

10 அக்டோபர், வியாழன்

பிற்பகல் 3.05க்குத் தொடங்கி 4.30க்குள் பதினேழு குஞ்சுகள். ஒவ்வொன்றும் சீரகத்தின் அளவு. பிரசவித்தவள் மேல் காற்றும் கண்ணேறும் படலாகாது; தொட்டியை வெள்ளை வேட்டியால் சுற்றி மூடினேன். உணவிட ஒரு விரற்கடை இடைவெளி. தாயும் பிள்ளைகளும் ஒன்றாக இருக்கட்டும். பத்து நாள் எவரும் பார்க்க வேண்டாம். எவரும் என்றால் நான்தான். வேறு யார் வருகிறார்கள்?

சுந்தரிக்குக் கடிதம், 5 மணித் தபாலில்.

12 அக்டோபர், சனி

சந்தேகம் தாளாமல் வேட்டியை நீக்கினேன். ஒன்றுகூட இல்லை. தாய் மட்டும் — கொழுத்து.

பக்கத்து வீட்டுச் செபமாலையம்மாள் ஏலப்பாறை எஸ்டேட்டில் முப்பது வருடம் பேறு பார்த்தவர். வேலிக்கு அப்பால் நின்று விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "மறைப்புக் கட்டுறது மனுசிக்கு சார். இதுக்கு வாய்க்கு முன்னால நீந்துறதெல்லாம் இரைதான். பாசி போட்டு ஒளிய இடம் குடுத்திருக்கணும். பெத்ததும் தாயைப் பிரிச்சிருக்கணும்லா."

"அதை முன்பே சொல்லியிருக்கலாமே."

"நீங்க என்னைக்கு சார் வாயத் தொறந்தீக?"

உண்மைதான். பிரித்தால் தாய் ஏங்கிவிடும் என்று எனக்கு ஏன் தோன்றிற்று? பதினேழு. எண்ணி வெச்சதும் நான்தான். என்ன பண்ணித் தொலைச்சேன்.

14 அக்டோபர், திங்கள்

நடந்ததை நடந்தபடி சுந்தரிக்கு எழுதினேன். இருமுறை கிழித்து மூன்றாவதை அனுப்பினேன்.

24 அக்டோபர், வியாழன்

சுந்தரியின் கார்டு. "போனாப் போறது அப்பா. குஞ்சு இல்லேன்னா இப்போ அலைய வேண்டாம்னு இவர் சொல்றார். கோடையிலே பார்க்கலாம்."

கோடை என்றால் ஏப்ரலா, மே மாதமா? குறிப்பிடவில்லை.

30 அக்டோபர், புதன்

பெண் மீனின் வயிறு மறுபடியும் பெருத்துள்ளது. ஆண் இறந்து நாற்பத்தொரு நாள். என் தேதிகளில் பிழையா? இம்முறை நானே வேலியருகே சென்று கேட்டேன்.

"ஒருக்கா சேந்தா அஞ்சாறு ஈத்துக்குத் தாங்கும் சார். எஸ்டேட் டாக்டர் தொட்டியில கண்ணால பாத்திருக்கேன். மனுசங்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்ல."

ஓடைப் பாசியை அலசித் தொட்டியில் அடர்த்தியாக இட்டேன்.

16 நவம்பர், சனி

காலை 7.40. பதினொன்று. முதல் ஈற்றுக்குப் பின் முப்பத்தேழாம் நாள். தாயை உடனே வேறு ஜாடிக்கு மாற்றினேன். குஞ்சுகளுக்கு அவித்த முட்டையின் மஞ்சள் கரு வேண்டுமாம். இவ்வீட்டு வாசற்படியை முட்டை தாண்டியதில்லை. இன்று தாண்டியது. செபமாலையம்மாள் காகிதத்தில் மடித்து நீட்டி, "தொட்டா ஒட்டிக்கிடாது சார்" என்றார்.

சுந்தரிக்குக் கார்டு: பதினொன்று உயிருடன் உள்ளன, வரவும்.

17 நவம்பர், ஞாயிறு

பதினொன்று.

10 டிசம்பர், செவ்வாய்

சுந்தரி ஞாயிறு மாலை வந்தாள். இன்று காலை 6.15 கம்பம் பஸ்ஸில் போனாள். குஞ்சுகள் பதினொன்றும் பாட்டிலில், அவள் மடியில்.

புறப்படுமுன் ஜன்னல் வழியே சொன்னாள்: "தாயையும் குடுத்திருக்கலாமே அப்பா. அது ஒண்டியா இங்கே என்னத்துக்கு? உங்களுக்கும் வேலை மிச்சம்."

தர இயலாது என்றேன். ஏன் என்று கேட்டாள். கண்டக்டர் மணியடித்துவிட்டார், கையை உள்ளே வைத்துக்கொள் என்றேன்.